முடிவின் வினைமுதல்: பல்கலைக்கழகத் தகவல் தொழில்நுட்ப ஆளுகையும் மொழித்தரவும்

1. முன்னுரை

ஒரு பல்கலைக்கழகத்தில் எந்த மென்பொருளை வாங்குவது, தரவை எந்த வடிவில் சேமிப்பது, மாணவர் பெயரை எத்தனை கட்டங்களில் பதிவது என்பன கருவி பற்றிய செய்திகளாகவே பொதுவாகக் கருதப்படுகின்றன. கருவி பற்றியவை என்பதாலேயே அவை கணிப்பொறி மையத்திற்கோ கொள்முதல் பிரிவிற்கோ விடப்படுகின்றன. பத்தாண்டுகள் கழித்து, சேமித்த உரையைத் தேட முயலும் ஆய்வாளருக்கு ஒரு சொல் கிடைக்காமற் போகும்போதுதான், அன்று எடுக்கப்பட்டது மொழி பற்றிய முடிவு என்பது புலனாகிறது. அப்போது அம்முடிவை எடுத்தவர் யார் என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை.

தகவல் தொழில்நுட்பம் பற்றிய முடிவுகளைப் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் எவ்வாறு எடுக்கின்றன, அவற்றை எடுக்கும் உரிமை யாரிடம் இருத்தல் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. மைசூரில் உருவான தமிழ் மொழித்தரவின் வரலாறு இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. கருவி சார்ந்தது போலத் தோன்றும் முடிவுகளுள் மொழி சார்ந்த பகுதியைப் பிரித்தறிந்து, அதனை மொழியறிஞர்களின் பொறுப்பில் எழுத்து வடிவில் ஒப்படைப்பதே நல்ல ஆளுகை என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. சொல்லும் பொருளும்

2.1. இத்துறையின் முதற் சிக்கல் கலைச்சொல்லிலேயே தொடங்குகிறது. முடிவெடுக்கும் உரிமையும் பொறுப்பும் யாரிடம் இருக்கின்றன என்பதை வரையறுக்கும் ஏற்பாட்டைக் குறிக்கத் தமிழில் 'ஆளுகை', 'ஆளுமை' ஆகிய இரு சொற்களும் வழங்குகின்றன. தமிழ்நாட்டரசின் உரிய அமைப்பு 'தமிழ்நாடு மின் ஆளுமை முகமை' எனப் பெயர் கொண்டுள்ளது. ஆயின் 'ஆளுமை' என்பது ஒருவரின் தனித்தன்மையைக் குறிக்கும் உளவியற் சொல்லாகவும் வேரூன்றிவிட்டது. 'பல்கலைக்கழகத்தின் ஆளுமை' என்று எழுதினால் அதன் பெருமையைச் சொல்வதா, அதன் முடிவெடுக்கும் முறையைச் சொல்வதா என்ற மயக்கம் எழும். எனவே இக்கட்டுரையில் 'ஆளுகை' என்ற வடிவமே கையாளப்படுகிறது.

2.2. ஆளுகையை மேலாண்மையிலிருந்தும் நிருவாகத்திலிருந்தும் வேறுபடுத்துதல் தேவை. ஒரு குறிப்பிட்ட மென்பொருளை வாங்கி நிறுவிப் பழுதின்றி இயக்குவது மேலாண்மை. அதனை வாங்கலாமா என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு, அம்முடிவிற்கு யாரைக் கலந்தாக வேண்டும், முடிவு பிழையானால் யார் பொறுப்பு என்று முன்கூட்டியே வரையறுப்பது ஆளுகை. கர்நாடகத்தில் 'ஆடளித' என்ற ஒரே சொல் நிருவாகத்தையும் ஆளுகையையும் குறிக்கிறது. இத்தகைய சொல் வழக்கு, இரண்டும் ஒன்றே என்ற எண்ணத்திற்கும் இடமளிக்கக்கூடும். மொழிபெயர்ப்பாளர் இவ்வேறுபாட்டைத் தவறவிட்டால், உரிமை பற்றிய ஆவணம் பணி பற்றிய ஆவணமாகத் திரிந்துவிடும்.

3. முடிவுகளின் வகைகள்

3.1. இத்துறையில் மிகுதியாக எடுத்தாளப்படும் பகுப்பு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் வைல், ஜீன் ராஸ் ஆகிய இருவரும் 2004இல் வெளியிட்ட நூலில் அமைந்ததாகும். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் 250க்கும் மேற்பட்ட நிறுவனங்களை ஆராய்ந்த அவர்கள், தகவல் தொழில்நுட்ப முடிவுகளை ஐந்தாக வகுத்தனர். தொழில்நுட்பத்தின் பங்கு பற்றிய அடிப்படை நெறிகள், தரவும் மென்பொருளும் ஒன்றோடொன்று பொருந்தும் கட்டமைப்பு, பொதுவான அடிப்படை வசதிகள், பயன்பாட்டுத் தேவைகள், முதலீடும் முன்னுரிமையும் என்பன அவ்வைந்து வகைகள்.

3.2. இம்முடிவுகளை எடுப்போரைக் கொண்டு அவர்கள் ஆறு வடிவங்களையும் காட்டினர். நிறுவனத் தலைமை தானே முடிவெடுப்பது முதலாவது. தொழில்நுட்பப் பிரிவே முடிவெடுப்பது இரண்டாவது. ஒவ்வொரு துறையும் தன் எல்லைக்குள் தனித்து முடிவெடுப்பது குறுநில ஆட்சியை ஒத்த மூன்றாவது. தலைமையும் துறைகளும் இணைந்து முடிவெடுக்கும் கூட்டாட்சி நான்காவது. தொழில்நுட்பப் பிரிவும் மற்றொரு தரப்பும் சேர்ந்து முடிவெடுக்கும் இருதரப்பாட்சி ஐந்தாவது. தனியொருவரோ சிறு குழுவோ தத்தம் விருப்பப்படி முடிவெடுக்கும் ஆட்சியின்மை ஆறாவது. ஒரே நிறுவனத்தில் ஐந்து வகை முடிவுகளுக்கும் ஒரே வடிவம் பொருந்த வேண்டும் என்பதில்லை. எம்முடிவுக்கு எவ்வடிவம் என்பது தெளிவாக இருத்தலே இன்றியமையாதது.

3.3. பன்னாட்டுத் தர அமைப்பு 2008இல் வெளியிட்ட 38500 எண்ணுள்ள தரமும் இதே திசையில் அமைந்தது. 2005இல் ஆஸ்திரேலியாவில் உருவான தரம் அதற்கு அடிப்படையாயிற்று. நிறுவனத்தை ஆள்வோரின் பணிகளாக அது மூன்றைச் சுட்டுகிறது: மதிப்பிடல், நெறிப்படுத்தல், கண்காணித்தல். பொறுப்பு, செயலுத்தி, கொள்முதல், செயற்பாடு, விதிகளுக்கு இணங்கல், மனித நடத்தை ஆகிய ஆறு நெறிகளை அத்தரத்தின் முதற் பதிப்பு வகுத்தது. ஆறனுள் கொள்முதல் ஒன்றுதான் என்பது கருதத்தக்கது. நடைமுறையில் பல கல்வி நிறுவனங்கள் கொள்முதலையே ஆளுகை முழுமையும் எனக் கொள்கின்றன.

4. மைசூரின் இரு நிறுவனங்கள்

4.1. மைசூரின் மானசகங்கோத்திரிப் பகுதியில் அருகருகே இயங்கும் இரு நிறுவனங்கள் இவ்வாய்விற்குப் பொருத்தமானவை. ஒன்று 1916இல் தோன்றிய மைசூர்ப் பல்கலைக்கழகம். மற்றொன்று 1969இல் இந்திய அரசு நிறுவிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம். இடத்தால் அண்மையில் இருப்பினும் முடிவெடுக்கும் வழியால் இவை வேறுபட்டவை.

4.2. மைசூர்ப் பல்கலைக்கழகம் கர்நாடக மாநிலப் பல்கலைக்கழகங்கள் சட்டம் 2000இன்படி இயங்குகிறது. ஆட்சிக்குழு, கல்விப் பேரவை, நிதிக்குழு, பாடத்திட்டக் குழுக்கள் ஆகியவை அதன் அதிகார அமைப்புகள். கொள்முதலுக்கு 1999இல் இயற்றப்பட்ட கர்நாடகப் பொதுக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டம் பொருந்தும். நடுவண் நிறுவனமோ இந்தியக் கல்வி அமைச்சகத்தின் சார்நிலை அலுவலகம். அதன் செலவினங்களை நடுவண் அரசின் பொது நிதி விதிகள் நெறிப்படுத்துகின்றன; அவ்விதிகள் 2017இல் திருத்தி வெளியிடப்பட்டன.

4.3. இவ்விரு வழிகளிலும் ஒரு பொதுமை உண்டு. பணம் பற்றிய முடிவிற்குச் சட்டமும் விதியும் விரிவாக உள்ளன. எத்தனை விலைப்புள்ளிகள் பெறுவது, யார் ஒப்பமிடுவது என்பன எழுத்தில் உள்ளன. தரவு எந்தக் குறியேற்றத்தில் இருக்க வேண்டும், அதன் அகர வரிசை எது, ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அதனைப் படிக்க முடியுமா என்பன விலைப்புள்ளிப் படிவத்தில் இடம்பெறுவதில்லை. தேவையை வரையறுக்கும் ஆவணத்தில் ஒரு வரி விடுபட்டால், விதிகள் அனைத்தையும் பின்பற்றிக் குறைந்த விலையில் தவறான பொருளை வாங்கிவிட முடியும்.

4.4. மேலும், முடிவெடுக்கும் உரிமை நிறுவனத்தின் எல்லையைத் தாண்டிச் செல்வதும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வெளியிட்ட ஒழுங்குமுறைக்குப் பின் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படிகளை ஒப்படைப்பது வழக்காயிற்று. 'சோத்கங்கா' என்னும் நாடளாவிய களஞ்சியத்தில் அவை சேர்க்கப்படுகின்றன. கர்நாடகத்தில் 2021-22 கல்வியாண்டையொட்டி, சேர்க்கை முதல் தேர்வு வரையிலான பணிகளுக்கென ஒருங்கிணைந்த பல்கலைக்கழக, கல்லூரி மேலாண்மை அமைப்பு என்னும் பொது மென்பொருளை மாநில அரசு நடைமுறைக்குக் கொணர்ந்தது. முன்னர் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே எடுத்த முடிவு இவ்வாறு அரசின் முடிவாக மாறுகிறது. செலவும் உழைப்பும் குறையலாம். ஆயின் மொழி சார்ந்த குறையொன்றைத் திருத்த வேண்டுமானால் அதனை எங்கு எடுத்துச் சொல்வது என்பது முன்னினும் கடினமாகிறது.

5. குறியேற்றம்: மொழித்தரவு தரும் படிப்பினை

5.1. இந்திய அரசின் மின்னணுத் துறை 1991இல் இந்திய மொழிகளுக்கான தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஒரு பகுதியாக, மொழி ஒவ்வொன்றிற்கும் ஏறத்தாழ 30 இலட்சம் சொற்கள் கொண்ட மொழித்தரவு திட்டமிடப்பட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு திராவிட மொழிகளுக்கான பணி மைசூர் நடுவண் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இலக்கியம், சமூக அறிவியல், இயற்கை அறிவியல், வணிகம், ஆட்சியும் ஊடகமும், மொழிபெயர்ப்பு எனப் பொருள்வாரியாக நூல்களிலிருந்து பகுதிகள் தெரிந்தெடுக்கப்பட்டன.

5.2. இத்தரவு 'இஸ்கி' எனப்படும் இந்திய எழுத்துக் குறியேற்றத்தில் அமைந்தது. இந்தியத் தர நிறுவனம் 1991இல் ஏற்ற தரம் அது. அக்காலத்தில் அச்சகங்களும் இதழ்களும் பயன்படுத்திய எழுத்துருக்கள் வேறொரு நெறியைப் பின்பற்றின. கண்ணுக்குத் தெரியும் வடிவத் துண்டு ஒவ்வொன்றிற்கும் அவை ஓர் எண்ணைக் கொடுத்தன. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் 'கேள்' என்னும் சொல்லால் விளக்கலாம்.

(1) இஸ்கி முறையில்: ககரம், ஏகாரக் குறி, ளகரம், புள்ளி
(2) எழுத்துரு முறையில்: இரட்டைக் கொம்பு, ககரம், புள்ளியுடன் கூடிய ளகரம்

(1) ஒலிப்பு முறையைப் பின்பற்றுவது. (2) எழுதும் கையின் வரிசையைப் பின்பற்றுவது. அச்சிட்ட தாளில் இரண்டும் ஒன்றே. ஆயின் (2)இன்படி அகர வரிசை செய்தால் கேள், தேள், வேள் ஆகிய மூன்றும் தத்தம் மெய்யை விட்டு நீங்கி, இரட்டைக் கொம்பின் கீழ் ஒன்று சேரும். ககரத்தில் தொடங்கும் சொற்கள் எத்தனை என்று எண்ணினால் கெ, கே, கை, கொ, கோ வரிசைச் சொற்கள் விடுபடும். சொல்லடைவும் சொல்வருகை எண்ணும் மொழித்தரவின் முதற் பயன்கள். அவை இரண்டும் எழுத்துரு முறையில் பிழைபடும்.

5.3. இம்முடிவின் முழுப் பயன் ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின்னரே தெரிந்தது. 2000 முதல் 2003 வரை இங்கிலாந்தின் லங்காஸ்டர், செஃபீல்டு பல்கலைக்கழகங்கள் தெற்காசிய மொழிகளுக்கான 'எமில்' திட்டத்தை நடத்தின. அத்திட்டம் நடுவண் நிறுவனத்தோடு இணைந்து 14 மொழிகளுக்கான தரவைத் தொகுத்தது. அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியிருந்தது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் இந்திய எழுத்துப் பகுதிகள் இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றி அமைந்தவை. எனவே மைசூர்த் தரவை மாற்றுவது பெரிதும் அட்டவணை சார்ந்த பணியாக அமைந்தது. இணையத்தில் வெளிவந்த செய்தி உரைகளின் நிலை வேறு. அவை பலவகை எழுத்துருக்களில் இருந்தமையால் எழுத்துருவிற்கு ஒன்றாக மாற்று விதிகளை எழுத வேண்டியிருந்தது. அதற்கெனவே 'யூனிகோடிஃபை' என்னும் மென்பொருள் லங்காஸ்டரில் உருவாக்கப்பட்டது.

5.4. இதனால் பெறப்படுவது ஒன்று. ஒலிப்பு வரிசையா வடிவ வரிசையா என்பது எழுத்தியல் பற்றிய வினா. அதற்குச் சரியான விடை முதலிலேயே அமைந்துவிட்டதால் பிந்தைய தலைமுறையின் பணி எளிதாயிற்று. அமையாத இடங்களில் அதே பணி பன்மடங்காயிற்று. மைசூரில் 2007-08 முதல் இந்திய மொழிகளுக்கான மொழித்தரவுக் கூட்டமைப்பு இயங்கி வருகிறது. 2019 முதல் தன் தரவுத் தொகுதிகளை வலைவாயில் வழியே வழங்குகிறது. தரவைத் திரட்டுதல், உரிமம், வழங்கும் வடிவம் ஆகியவை இன்று தனித்தனி முடிவுகளாகப் பிரித்தறியப்பட்டுள்ளமைக்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

6. குறியேற்றத்திற்கு அப்பால்

6.1. ஒருங்குறியை ஏற்றுக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது என்று கருதுதல் பொருந்தாது. ஒருங்குறிக்குள்ளும் முடிவு செய்ய வேண்டியவை உள்ளன. 'கொடு' என்பதன் முதலெழுத்தைக் ககரத்துடன் ஒரே ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம்; ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். இவ்விரண்டும் நிகரானவை என்று ஒருங்குறித் தரமே கூறுவதால் இயல்பாக்கம் எனப்படும் செயல்முறையால் ஒன்றாக்கிவிட முடியும். இது பொறியாளர் தீர்க்கக்கூடிய சிக்கல்.

6.2. 'ஔவை' என்பதன் நிலை வேறு. பலர் ஔகாரத்திற்கு மாற்றாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டெழுதுகின்றனர். தாளில் வேறுபாடு தெரிவதில்லை. இவற்றை நிகரென்று தரம் கொள்வதில்லை. இயல்பாக்கத்தால் இது திருந்தாது. ஒகரமும் ளகரமும் சேருமிடமெல்லாம் ஔகாரமாக மாற்றுமாறு விதி செய்தால் 'ஒளி' என்ற சொல் சிதையும். 'கௌதமன்' என்பதைத் திருத்த எழுதும் விதி 'கெளுத்தி' மீனைக் கெடுக்கும். எங்கு மாற்றுவது, எங்கு விடுவது என்பதற்குச் சொல்லறிவு வேண்டும். இது மொழியியலார் தீர்க்க வேண்டிய சிக்கல்.

6.3. அகர வரிசையும் இத்தகையதே. ஒருங்குறி அட்டவணையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் உள்ளன. இது பிற இந்திய எழுத்துகளுடன் இணையாக வைத்ததன் விளைவு. தமிழ் நெடுங்கணக்கில் றகரமும் னகரமும் இறுதியில் நிற்பவை. அட்டவணை எண்ணை அப்படியே கொண்டு வரிசைப்படுத்தும் மென்பொருள் 'பனை'யைப் 'பயிர்', 'பழம்' ஆகியவற்றிற்கு முன் வைக்கும். தமிழ் வரிசைக்கான விதி உலகத் தரங்களில் உண்டு. அதனைக் கொள்முதல் ஆவணத்தில் கேட்க வேண்டும் என்பதை அறிந்தவர் கொள்முதல் குழுவில் இருக்கிறாரா என்பதே வினா.

6.4. பெயர்ப் பதிவு மற்றொரு சான்று. தமிழர் பெயரில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்பது பெருவழக்கு. முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்களைக் கட்டாயமாக்கும் மென்பொருள், தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடும். சான்றிதழில் ஒரு வடிவம், கடவுச்சீட்டில் மற்றொரு வடிவம் என மாணவர் வாழ்நாள் முழுதும் விளக்கம் கூற நேரிடும். கட்டங்களின் எண்ணிக்கை பற்றிய அம்முடிவைப் பெரும்பாலும் எந்தக் குழுவும் எடுப்பதில்லை. மென்பொருளோடு வந்த படிவமே முடிவாகிவிடுகிறது. ஆறாவதாகக் கூறப்பட்ட ஆட்சியின்மைக்கு இதுவே தக்க எடுத்துக்காட்டு எனலாம்.

7. அரசாணையும் வழக்கும்

7.1. நிறுவனத்தின் எல்லைக்கு மேல் அரசு எடுக்கும் முடிவிற்குத் தமிழ்நாட்டு வரலாறு சான்றாகிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்து, 'தமிழ்நெட் 99' விசைப்பலகையையும் தாப், தாம் என்னும் இரு எட்டு நுண்மிக் குறியேற்றங்களையும் தமிழ்நாட்டரசு தரமாக்கியது. இக்குறியேற்றங்கள் வடிவ வழிப்பட்டவை. அதே காலத்தில் பல நாட்டுத் தமிழர்கள் கலந்து உருவாக்கிய 'திஸ்கி' முறையும், நிறுவனங்களின் தனி எழுத்துருக்களும் வழக்கில் நீடித்தன. ஆணை பிறந்தும் வழக்கு ஒன்றாகவில்லை. விசைப்பலகை நிலைத்தது, எட்டு நுண்மிக் குறியேற்றங்கள் நிலைக்கவில்லை.

7.2. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியைத் தமிழுக்குரிய தரமாக அரசு அறிவித்தது. ஒருங்குறி செயற்படாத இடங்களுக்கென 'டேஸ் 16' என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தை மாற்று வழியாக ஏற்றது. இவ்வாணையின் சிறப்பு, முதன்மை எது, மாற்று எது, மாற்றினை எப்போது பயன்படுத்துவது என்பவற்றை வேறுபடுத்தியமை ஆகும். முடிவு ஒன்றன் எல்லையையும் சேர்த்துக் கூறும் முடிவே செயற்படுத்தத் தக்கது.

7.3. அரசாணை மட்டும் பல்கலைக்கழகத்தின் கடமையைத் தீர்த்துவிடாது. ஆய்வேடு பழைய எழுத்துருவில் எழுதப்பட்டுப் பீ.டி.எஃப். வடிவில் களஞ்சியத்தில் சேர்ந்தால் மின்படி ஒப்படைப்பு என்னும் விதி நிறைவேறிவிடும். திரையில் தமிழும் தெரியும். ஆயின் அதில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. விதி கேட்டது மின்படியை. ஆய்வுலகிற்கு வேண்டியது தேடத்தக்க உரையை. இவ்விடைவெளியை நிரப்பும் அதிகாரம் கல்விப் பேரவைக்கு உண்டு. அதற்கு அது தன் முன் வைக்கப்பட வேண்டும்.

8. தீர்மானத் தொடரின் இலக்கணம்

8.1. இவ்விடத்தில் மொழியியல் நேரடியாக உதவக்கூடும். குழுக்கூட்டக் குறிப்புகளில் அமையும் தொடர் பொதுவாகப் பின்வருமாறு இருக்கும்:

(3) துறைகளுக்குத் தமிழ் எழுத்துரு மென்பொருள் வாங்கத் தீர்மானிக்கப்பட்டது.

செயப்பாட்டு வினையில் வினைமுதல் மூன்றாம் வேற்றுமை ஏற்று வரலாம், வாராமலும் இருக்கலாம். குறிப்புகளில் அது வாராமையே பெரும்பான்மை. குழு முழுமையும் ஒன்றாய் முடிவெடுத்தது என்ற பணிவு அதில் உண்டு. ஆனால் பொறுப்பு எங்குள்ளது என்பது அத்தொடரோடு மறைகிறது.

8.2. தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் தொழிலின் முதனிலைகளை எட்டாக வகுத்தார். வினை, அதனைச் செய்வோர், செய்யப்படும் பொருள், இடம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயன் கருதி என்பன அவை. வழக்கில் இவற்றுள் சில குறைந்து வருதலையும் அவர் உடன்பட்டார். பேச்சில் குறைவது இயல்பு. சூழல் அதனை நிரப்பிக்கொள்ளும். பத்தாண்டுகள் கழித்துப் படிக்கப்படும் தீர்மானத்திற்குச் சூழல் துணை நில்லாது. ஆகவே அதில் எட்டும் நிறைதல் வேண்டும்.

8.3. (3)ஐ இவ்வெட்டினால் சோதித்தால் வினையும் பொருளும் மட்டுமே தெளிவாக உள்ளன. துறைகள் பயனாளிகள் என்று ஒருவாறு கொள்ளலாம். பயன் எது என்பது இல்லை. செய்தவர், இடம், காலம், கருவி ஆகியவையும் இல்லை. இதனோடு பின்வருவதை ஒப்பிடலாம்:

(4) ஆய்வேடுகளின் உரை ஒருங்குறியில் மட்டுமே பெறப்படும் என்று, மொழித்துறைகளின் பாடத்திட்டக் குழுக்கள் அளித்த பரிந்துரையை ஏற்று, கல்விப் பேரவை முடிவு செய்தது. வரும் கல்வியாண்டு முதல் நூலகம் இதனை உரைச் சோதனை மென்பொருள் கொண்டு செயற்படுத்தும். ஆய்வாளர்கள் சொல்வழித் தேடிப் படிக்க இயலவேண்டும் என்பதே நோக்கம். மூன்றாண்டுகளுக்குப் பின் பேரவை இதனை மீளாய்வு செய்யும்.

(4) நீளமானது. ஆயின் முடிவெடுத்தவர், பரிந்துரைத்தவர், செயற்படுத்துபவர் ஆகிய மூவரும் அதில் தனித்தனியே தெரிகின்றனர். மதிப்பிடல், நெறிப்படுத்தல், கண்காணித்தல் என்று தரம் கூறும் மூன்று பணிகளும் அதில் அடங்கியுள்ளன. இம்முடிவு தவறென்று பின்னர்த் தெரிந்தாலும், எங்கு சென்று திருத்துவது என்பது ஐயமின்றி விளங்கும்.

9. பங்கீடு

9.1. மேற்கண்டவற்றிலிருந்து ஒரு பங்கீட்டை முன்வைக்கலாம். வலையமைப்பு, சேமிப்பகம், பாதுகாப்பு ஆகிய அடிப்படை வசதிகளில் கணிப்பொறி மையத்தின் முடிவே தலைமை பெறுதல் தகும். துறைதோறும் தனித்தனி ஏற்பாடு இங்குச் செலவையும் இடரையும் பெருக்கும். முதலீட்டில் நிதிக்குழுவும் ஆட்சிக்குழுவும் முடிவெடுக்கும். குறியேற்றம், அகர வரிசை, பெயர்ப் பதிவு, கலைச்சொல், உரிமம், நெடுங்காலப் பாதுகாப்பு ஆகியவற்றில் மொழித்துறைகளும் நூலகமும் பரிந்துரைத்துக் கல்விப் பேரவை முடிவெடுத்தல் வேண்டும். அதற்கு மாறான மென்பொருளை விலை குறைவு என்ற ஒரே காரணத்தால் ஏற்றல் ஆகாது.

9.2. இப்பங்கீட்டிற்குச் சட்டத்திருத்தம் தேவையில்லை. கொள்முதல் தேவை ஆவணத்தில் மொழித் தேவை என்றொரு பகுதியைக் கட்டாயமாக்கினாலே போதும். தரவை நிறுவனத்திற்கு வெளியே எடுத்துச் செல்லத்தக்க பொது வடிவத்தில் மீளப் பெறும் உரிமை, தமிழ் வரிசை விதி, இயல்பாக்கம், பெயர்க் கட்டங்கள் ஆகிய நான்கையும் அப்பகுதி கேட்க வேண்டும். அதில் ஒப்பமிடுபவர் மொழித்துறையினராக இருத்தல் வேண்டும்.

9.3. உரிமையோடு கடமையும் வருகிறது. குழுவில் இடம் பெறும் மொழியியலார், குறியேற்றம் பற்றியும் தர ஆவணங்கள் பற்றியும் அறிந்திருத்தல் வேண்டும். பொறியாளரிடம் 'தமிழ் சரியாகத் தெரியவேண்டும்' என்று மட்டும் கேட்பவருக்குத் திரையில் தெரியும் தமிழ் கிடைக்கும், அவ்வளவே. அவர் கேட்க வேண்டியதைத் துல்லியமாகக் கேட்டால் பொறியாளர் மறுப்பதற்குக் காரணம் இராது.

10. முடிவுரை

பல்கலைக்கழகத் தகவல் தொழில்நுட்ப ஆளுகை என்பது கணிப்பொறி மையத்தின் தனிப்பொருள் அன்று. மைசூர் மொழித்தரவின் வரலாறு காட்டுவதுபோல், எழுத்தியல் பற்றிய ஒரு சரியான முடிவு பல்லாண்டு உழைப்பை மிச்சப்படுத்துகிறது. எடுக்கப்படாத முடிவு அவ்வுழைப்பை அடுத்த தலைமுறையின் மேல் சுமத்துகிறது. தீங்கு மிகுதியும் விளைவது பிழையான முடிவுகளால் அன்று, முடிவென்றே அறியப்படாமற் கடந்து போனவற்றால். அவற்றை முடிவுகள் என்று இனங்காட்டுவதும், ஒவ்வொன்றிற்கும் வினைமுதலை எழுத்தில் நிறுத்துவதும் மொழியறிஞர் செய்யத்தக்க பணி. தொடருக்கு எழுவாய் தேடப் பயின்றவர்கள் தம் நிறுவனத்தின் தீர்மானங்களிலும் அதனைத் தேடுதல் வேண்டும்.